மோப்பமும் இரும்பும்

1819ஆம் ஆண்டின் பனிக்காலத்தை மிசௌரி நதியின் மேற்குக் கரையில், இன்றைய ஒமாஹா நகரத்துக்குச் சற்று வடக்கே, மரக்குடில்கள் அமைத்துக் கழித்த அமெரிக்க அரசாங்கத்து ஆராய்ச்சிக் குழுவில், டிஷியன் பீல் என்ற இருபது வயது வாலிபர் ஓவியராகவும் இயற்கை சாஸ்திர உதவியாளராகவும் வந்திருந்தார். இரவு தோறும் குடில்களைச் சுற்றி ஊளையிட்டுத் திரிந்த ஒருவகைச் சிறு ஓநாயில் ஒன்றையாவது பிடித்து, அளந்து, படம் எழுதி, சாஸ்திர உலகத்துக்கு அறிமுகம் செய்துவிட வேண்டுமென்பது அவருக்கும் குழுவின் பிராணி சாஸ்திரியான தாமஸ் சே என்பவருக்கும் இருந்த ஆசை. அது நிறைவேறுவதற்குள் அவர்கள் பட்ட பாடுதான், பின்னால் ஒன்றரை நூற்றாண்டு காலம் அமெரிக்காவின் மேற்குப் பிரதேசம் முழுவதும் ஆயிரக்கணக்கான பொறிக்காரர்கள் படப்போகும் பாட்டுக்கு முன்னுரை போல் அமைந்தது.

முதலில் பீல் ஆறடி நீளமுள்ள பெட்டியொன்றைக் கவிழ்த்து, அதன் ஒரு பக்கத்தை நான்கு என்ற எண்ணின் வடிவத்தில் இணைத்த குச்சிகளால் மூன்றடிக்கு மேல் தூக்கி நிறுத்தி, உள்ளே பலகைத் தரையின்மேல் மாமிசக் கழிவைத் தாராளமாகப் பரப்பி வைத்தார். மறுநாள் போய்ப் பார்க்கையில், வந்த விருந்தாளி வாசல் வழியே நுழைவதை விட்டு, தரையின் அடியில் வளை தோண்டிச் சென்று, பலகைகளின் இடுக்கு வழியாக மாமிசத்தைக் கீழே இழுத்துத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அடுத்து, மேலே சிறு துவாரம் மட்டும் வைத்து, உள்ளே போகலாம் திரும்ப முடியாது என்ற விதமாகப் பெருங்கூண்டொன்று கட்டினார். அதைச் சுற்றிச்சுற்றி வந்த பிராணிகள், தமக்கென்று ஏற்படுத்திய வழியைத் தவிர மற்ற எல்லா வழிகளிலும் முயன்று பார்த்துவிட்டுத் திரும்பின. மூன்றாவதாக இரட்டை இரும்புப் பொறியைச் சருகுகளுக்கு அடியில் மறைத்து வைத்தார். சுற்றிலும் அடிச்சுவடுகள் நிறைந்திருந்தன, இரை அப்படியே இருந்தது. பிறகு அவர் செய்தது ஒரு சோதனை என்றே சொல்லத்தக்கது: இரையைப் பொறிக்கு நேர் மேலே மரக்கிளையில் தொங்கவிட்டு, அக்கம்பக்கத்து மரங்களிலும் அதேபோல் மாமிசத் துண்டுகளைத் தொங்கவிட்டார். பொழுது விடிந்ததும் பார்த்தால், மற்றக் கிளைகளெல்லாம் காலியாகியிருக்க, பொறிக்கு மேலே இருந்த துண்டு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இரும்பின் வாடை காட்டிக் கொடுக்கிறது போலும் என்று கருதி, சுற்றுப்புறத்துச் சருகுகளை வெகுதூரம் எரித்துப் பொறியைச் சாம்பலால் மூடிப் பார்த்ததிலும் பலன் அதிகமில்லை. கடைசியில் சிக்க வைத்தது, இரும்பின் வாடையே இல்லாத பழைய கிராமியச் சாதனம்: ஒரு கட்டையின் மேல் இன்னொரு கட்டையைக் குச்சியால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, இரையை இழுத்தால் மேற்கட்டை விழும்படி செய்யும் பொறி.

இந்தக் கதை முழுவதும், அப்பயணத்தைப் பற்றி 1823இல் வெளியான நூலில், சே எழுதிய விவரணத்தோடு சேர்ந்து அச்சாகியிருக்கிறது. குரைக்கும் நாய் என்று பொருள்படும் ‘கேனிஸ் லேட்ரன்ஸ்’ என்ற சாஸ்திரப் பெயரை அப்பிராணி பெற்றது அந்த விவரணத்தில்தான். வெறும் இயல்பூக்கத்துக்கு மேற்பட்ட ஏதோ ஒன்று இதற்கு இருக்க வேண்டுமென்று அந்த நிதானமான சாஸ்திரியே ஐயுறும்படி, தரைக்கு அடியில் தோண்டிய அந்த ஒரு காரியம் செய்துவிட்டது.

சே பெயரிடுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அதற்குப் பெயர் இருந்தது. மெக்சிகோவின் பூர்வகுடிகள் பேசிய நாவாட்டல் மொழியில் அது ‘கொயோட்ல்’. மெக்சிகோ நகரத்தின் ஒரு பகுதிக்குக் கொயோவாக்கான் என்று இன்றும் வழங்கும் பெயரில் அந்தப் பிராணி உறைந்திருக்கிறது. ஸ்பானியர் நாவில் அச்சொல் திரிந்து, வடக்கே வந்து, நகரத்தார் வாயில் கயோட்டி என்றும், ஆட்டுமந்தைக்காரர் வாயில் ஒரு எழுத்தைச் சிக்கனம் செய்து கயோட் என்றும் ஆயிற்று. 1804இல் மிசௌரி வழியாகச் சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினர் இதைப் புல்வெளி ஓநாய் என்று குறித்துக் கொண்டனர். நம் நாட்டு நரியைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவத்தை வருணிப்பது எளிது. அதே குடும்பத்தின் அதே கிளையைச் சேர்ந்தது, சற்றே பெரியது, மேற்குப் பிரதேசத்தில் 10 முதல் 14 கிலோ வரை எடையுள்ளது. நவஹோ மக்கள் இதன் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வார்கள். அக்கதைகளில் இது ஏமாற்றும், ஏமாறும், செத்துப் பிழைக்கும், உலகத்தை ஒழுங்கு செய்யும், அடுத்த கணமே அதைக் குலைக்கும்.

பொறிக்காரர்கள் முதலில் இதைப் பொருட்படுத்தவில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மலைகளில் அலைந்தவர்கள் தேடியது நீரில் வாழும் கொறிக்கும் பிராணியான பீவரின் தோலை. அதன் பிறகு 1860, 1870களில் புல்வெளிக்கு வந்த ஓநாய் வேட்டைக்காரர்கள் தேடியது பெரிய ஓநாயின் தோலை. இவர்களுடைய ஆயுதம் பொறிகூட அல்ல. நம் தென்னிந்தியக் காடுகளில் வளர்வதும், கசப்புக்கு உவமையாக நாம் எடுத்தாள்வதுமான எட்டியின் கொட்டையில் உள்ள ஸ்டிரிக்னின் என்ற விஷத்தை, கொன்று போட்ட காட்டெருமையின் உடலில் தூவிவிட்டுப் போய், மறுநாள் வந்து சுற்றிலும் கிடக்கும் ஓநாய்களைப் பொறுக்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். அவற்றோடு கயோட்டிகளும் ஏராளமாக மடிந்தன. அவற்றின் தோலுக்கு விலை சொற்பம். காட்டெருமை அழிந்து, அந்தப் புல்லில் ஆடும் மாடும் வந்து நிறைந்தபோது, பெரிய ஓநாயின் மீது மந்தைக்காரர்கள் போர் தொடுத்தார்கள். 1920களுக்குள் மேற்குப் பிரதேசத்தில் ஓநாய் அநேகமாக இல்லாமலாயிற்று. கூட்டமாக வாழ்ந்து, பெரிய விலங்கை நம்பி, பழகிய தடங்களை விடாமல் நடந்த அந்த ராஜப் பிராணி மறைந்த இடத்தில், எலியும் தின்னும், வெட்டுக்கிளியும் தின்னும், தர்ப்பூசணியும் தின்னும், ஜோடியாகவும் வாழும், தனியாகவும் வாழும் இந்தச் சிறியது வந்து அமர்ந்து கொண்டது. அப்போதுதான் கயோட்டி ஒரு பிரச்னையாயிற்று; அதைப் பிடிப்பது ஒரு தொழிலாயிற்று.

அத்தொழிலுக்கு வேண்டிய இரும்பு வந்த இடம் விசித்திரமானது. நியூயார்க் ராஜ்யத்தின் ஒனைடாவில், 1848இல், ஜான் ஹம்ப்ரி நாய்ஸ் என்ற மதபோதகர், பாவமற்ற பூரண வாழ்வு இவ்வுலகிலேயே சாத்தியம் என்று நம்பி, சொத்து முழுவதும் பொதுவாக உள்ள சமூகமொன்றை ஸ்தாபித்தார். அதில் சேர்ந்தவர்களுள் ஸீவெல் நியூஹவுஸ் என்ற கொல்லர் ஒருவர்; எஃகு வில்லுக்குப் பதம் ஏற்றுவதில் கைதேர்ந்தவர்; அவர் செய்த பொறிகளுக்கு அப்பகுதி வேடர்களிடம் முன்பே நல்ல பெயர். நாளடைவில் அந்தப் பக்தர்களின் ஜீவனமே பொறித் தொழிற்சாலையாகி, எலிக்கு ஏற்ற சிறியது முதல் கரடிக்கு ஏற்ற பெரியது வரை எண்களிட்டு லட்சக்கணக்கில் செய்து விற்றார்கள். 1865இல் பொறிக்காரர்களுக்கென வழிகாட்டி நூலொன்றையும் வெளியிட்டார்கள். பூரணத்துவத்தை நாடியவர்கள் பிராணிகளின் காலைக் கவ்வும் பற்களை வார்த்துக் கொண்டிருந்தது அவர்களை உறுத்தியதாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் அதே ஸ்தாபனம் கரண்டிகளும் முள்கரண்டிகளும் செய்து புகழ் பெற்றது. அவர்களுடைய 3, 4ஆம் எண் பொறிகளே கயோட்டிக்கு உரியவை என்பது பின்னால் தொழில்முறை வழக்காயிற்று.

இரும்பு இருந்தது, அறிவு பிறகுதான் வந்தது. இடையில் அரசாங்கங்கள் பணத்தை நம்பின. 1891இல் கலிபோர்னியா ராஜ்யம் கயோட்டியின் தலைத்தோல் ஒன்றுக்கு 5 டாலர் வெகுமதி அறிவித்தது. வெகுமதி இல்லாத அண்டைப் பிரதேசங்களிலிருந்து தலைத்தோல்கள் எல்லை தாண்டி வந்து குவிந்தன, கஜானா தாங்கவில்லை. தலைக்கு விலை வைத்த இடங்களிலெல்லாம் தாய்ப்பிராணியைத் தப்பவிட்டு வருஷா வருஷம் குட்டிகளை மட்டும் அறுவடை செய்யும் புத்திசாலிகளும் தோன்றியிருக்கிறார்கள். இத்தகைய வெகுமதிகளின் வீண்செலவைப் பற்றி அரசாங்கத்து உத்தியோகஸ்தரான பால்மர் என்பவர் 1896லேயே விரிவாக எழுதினார். அதைப் படித்துத் திருந்தியவர்கள் சிலரே.

1915இல், மந்தைக்காரர்களின் வற்புறுத்தலாலும், அவ்வாண்டில் நெவாடா முதலிய இடங்களில் கயோட்டிகளிடையே பரவிய வெறிநோயின் பீதியாலும், காங்கிரஸ் சபை 1,25,000 டாலர் ஒதுக்கி, பயலாஜிகல் சர்வே என்ற மத்திய இலாகாவின் கீழ் சம்பளக்கார வேட்டையாட்களை நியமிக்க வழி செய்தது. இந்த அரசாங்கப் பொறிக்காரரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும், ஏனெனில் கயோட்டியின் சஞ்சாரம் பற்றிய முறையான அறிவு திரண்டது அவர் கையில்தான். ரோமத்தோல் வியாபாரத்துக்காகப் பொறி வைப்பவனுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை, ரோமம் முற்றிச் செழித்திருக்கும் காலம் போதும். கண்ணில்பட்ட எந்தக் கயோட்டியும் அவனுக்குச் சம்மதமே. அரசாங்கப் பொறிக்காரனுக்கோ இன்ன பண்ணையில் இன்ன ஆட்டைக் கொன்ற இன்ன கயோட்டி வேண்டும். அதுவும் பனியோ வெயிலோ பாராமல். ஆகவே அவன் ஒரு தனிப்பிராணியின் தினசரி வாழ்க்கையைப் படித்தாக வேண்டியிருந்தது.

படித்ததில் முதல் பாடம், கயோட்டி எங்கும் நடப்பதில்லை, வழியில் நடக்கிறது என்பது. மலைமுதுகின் விளிம்பு, மாடுகள் மிதித்த ஒற்றையடித்தடம், வறண்ட ஓடையின் மணற்படுகை, வேலியோரம், இரு பள்ளத்தாக்குகளைச் சேர்க்கும் கணவாயின் குறுகல் என்று, காலுக்குச் சிரமம் குறைந்ததும் காற்றுக்கு வசதியானதுமான பாதைகளை அது தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் அந்தியிலும் விடியலிலும், பின்னங்கால் முன்னங்காலின் சுவட்டிலோ அதை ஒட்டியோ விழும்படி சீரான துள்ளுநடையில் மைல்கணக்காகப் போகிறது. இரண்டாவது பாடம், அந்த வழியில் அதற்கென்று தபால் நிலையங்கள் உண்டு என்பது. நாய் விளக்குக்கம்பத்தருகே நிற்பதை நாம் தெருவில் பார்க்கிறோம் அல்லவா? அதேபோல் ஒரு புல்கற்றை, ஒரு புதர், பழைய எலும்பு, தடங்கள் சந்திக்கும் முனையில் ஒரு கல் என்று குறிப்பிட்ட இடங்களில் ஒவ்வொரு கயோட்டியும் நின்று, முன்னே வந்தவர் யார் என்று மோந்து, தன் மூத்திரத்தால் பதில் எழுதி, பின்னங்காலால் மண்ணைக் கீறிவிட்டுப் போகும். பொறிக்காரர் பாஷையில் இதற்கு வாசனைக் கம்பம் என்று பெயர். ஜோடி சேரும் பருவமாகிய ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கடிதப் போக்குவரத்து மும்முரமாக நடக்கும்.

பயலாஜிகல் சர்வேயைச் சேர்ந்த ஸ்டான்லி யங் 1930இல் வெளியிட்ட சிறு பிரசுரம் இந்த அறிவைச் செயல்முறையாகச் சொல்லுகிறது. அதைப் படிப்பவனுக்கு, ஒரு மனிதன் தான் அங்கே வந்ததே இல்லை என்று நிரூபிக்க இவ்வளவு பாடுபட முடியுமா என்ற வியப்பு உண்டாகும். ‘செட்’ போடுவது என்று அவர்கள் சொல்லும் அக்காரியத்தில், முதலில் கித்தானையோ ஆட்டுத்தோலையோ தரையில் விரித்து அதன்மேல் மட்டும் நின்று வேலை செய்ய வேண்டும்; வாசனைக் கம்பத்தின் அருகே பொறியின் அளவுக்குக் குழி தோண்டி, எடுத்த மண்ணை அந்த விரிப்பிலேயே கொட்ட வேண்டும்; பொறியின் மிதிதட்டுக்கு அடியில் மண் புகாமல் துணியால் மறைத்து, மேலே சலித்த உலர்மண்ணை மெல்லிசாகத் தூவி, மிஞ்சிய மண்ணை வெகுதூரத்துக்கு அப்பால் கொண்டுபோய் எறிந்துவிட வேண்டும். பிறகு சில துளி வாசனைத் திரவம். அதன் தயாரிப்பு முறையைச் சாப்பாட்டுக்கு முன் விவரிப்பது உசிதமல்ல. கயோட்டியின் மூத்திரமும், பித்தமும், குதச் சுரப்பிகளும் சீசாவில் அழுகி முதிர்ந்த சாரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கூர்ந்த பொறிக்காரர்கள் இன்னொன்றும் கவனித்திருந்தார்கள்: கயோட்டி குச்சியையும் மண்கட்டியையும் மிதிக்க விரும்பாது, அவற்றுக்கு இடையில் காலை வைக்கும். ஆகவே மிதிதட்டைச் சுற்றிச் சிறு கற்களையும் குச்சிகளையும் இயற்கையாகச் சிதறியவை போல் வைத்து, பாதம் விழும் இடத்தை அங்குலக் கணக்கில் அவர்கள் நிர்ணயித்தார்கள். மற்றொரு முறையில், நரியோ, வளை தோண்டும் பாட்ஜர் என்ற பிராணியோ மாமிசத்தைப் புதைத்து வைத்தது போலச் சாய்வான வளையொன்றைத் தோண்டி, பிறர் பொருளைத் தோண்டி எடுக்கும் அதன் ஆசையையே தூண்டிலாக்கினார்கள்.

பீலுக்குத் தெரியாமற்போனது இதுதான். அவர் பசியை நம்பி மாமிசத்தை வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் கயோட்டியின் வம்பு கேட்கும் சுபாவத்தை நம்பினார்கள்.

இவ்வளவு நுட்பமும் எதற்குப் பயன்பட்டது என்பதை மறந்து ரசிப்பது நியாயமாகாது. இரும்புப் பற்களில் கால் சிக்கிய பிராணி, பொறிக்காரன் வரும் வரை, ஓரிரவோ, சில சமயம் அதற்கு மேலோ, வலியோடும் தாகத்தோடும் காத்திருக்கும். வசந்தத்தில் குட்டிபோட்ட வளைகளைத் தேடிக் குட்டிகளைக் கொல்வதும் அரசாங்கப் பொறிக்காரனின் கடமைகளுள் ஒன்றாயிருந்தது. அதற்கும் தாயின் நடைவழியை அறிந்த அதே கண்தான் வேண்டியிருந்தது. 1931இல் காங்கிரஸ் இத்தகைய பிராணிகளை ஒழிக்கும் வேலைக்கெனத் தனிச் சட்டம் செய்து, பத்தாண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் அனுமதித்தது. 1915 முதல் 1947 வரை மத்திய அரசாங்கத்து ஆட்கள் கொன்ற கயோட்டிகள் ஏறத்தாழ 19 லட்சம்.

அத்தனைக்குப் பிறகும் அவை குறைந்தபாடில்லை. மறுபுறம், மேற்கே மட்டும் வாழ்ந்த பிராணி கிழக்கே நடக்கத் தொடங்கி, வழியில் கனடா ஓநாய்களோடு கலந்து சற்றுப் பருத்து, நியூயார்க்கையும் நியூ இங்கிலாந்தையும் அடைந்தது. தெற்கே பனாமா வரை போயிற்று. 1980களில் கடற்பனியின் மேல் நடந்து நியூபௌண்ட்லாந்துத் தீவில் ஏறிற்று. இலையுதிர்காலத்தில் பெற்றோரின் எல்லையை விட்டுக் கிளம்பும் குட்டிகள் நூறு மைலுக்கு மேலும் போவதுண்டு என்பதைப் பொறிக்காரர்கள் அறிவார்கள். காலியான எல்லையை நிரப்புபவை அக்குட்டிகளே. 1972இல் டெக்சாஸில் ஆராய்ந்த நோல்ட்டன் என்பவர், வேட்டை கடுமையாக உள்ள இடங்களில் ஒரு ஈற்றுக்குக் குட்டிகள் அதிகமாவதைக் காட்டினார். 1975இல் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர் இருவர் போட்ட கணக்கின்படி, ஆண்டுதோறும் 75 சதவிகிதத்தைக் கொன்றுகொண்டே வந்தாலும் ஒரு கூட்டம் முற்றிலும் அழிய ஐம்பது ஆண்டுக்கு மேலாகும்.

எலோஸ்டோன் பூங்காவில் 1937 முதல் இரண்டு ஆண்டுகள் அலைந்த அடால்ப் மியூரி என்ற பிராணி சாஸ்திரியின் முறை வேறு. அவரும் பொறிக்காரனின் தடத்திலேயே நடந்தார். ஆனால் பொறிக்குப் பதிலாகப் பை கொண்டுபோனார். கயோட்டி விட்டுச்சென்ற எச்சம் ஐயாயிரத்துக்கு மேல் சேகரித்துப் பிரித்துப் பார்த்ததில், வயலெலியும் வளையெலியுமே பாதிக்கு மேல் இருக்கக் கண்டார். மான் குலத்தை அது அழிக்கிறது என்ற புகார் அங்கே நிலைக்கவில்லை. 1940இல் அவர் அறிக்கை வெளியானது. அதே பத்தாண்டில்தான், 1080 என்ற எண்ணால் வழங்கிய புதிய விஷம் மேற்கே வந்து சேர்ந்தது. விஷம் வைப்பவனுக்குத் தடம் தெரிய வேண்டியதில்லை, வாசனைக் கம்பம் தெரிய வேண்டியதில்லை. ஒரு குதிரையின் உடலில் மருந்தேற்றிப் போட்டுவிட்டு வந்தால் போதும். கழுகும் பாட்ஜரும் நரியும்கூட அதைத் தின்றன. என் அபிப்பிராயத்தில், பொறிக்காரனின் கலைக்கு நேர்ந்த பெரிய அவமானம் ஆட்சேபகர்களிடமிருந்து வந்ததல்ல, இந்தச் சோம்பேறி விஷத்திடமிருந்து வந்ததே. 1972 பிப்ரவரியில் ஜனாதிபதி நிக்ஸன் மத்திய அரசாங்கத்து நிலங்களில் இத்தகைய விஷங்களைத் தடை செய்தார்.

பழைய பொறிக்காரர்களின் வாய்மொழிகளில் ஒன்றைப் பிற்கால ஆராய்ச்சி வேடிக்கையாக உறுதி செய்தது. கயோட்டியை அதன் வீட்டு நடுவில் பிடிக்க முடியாது, எல்லையில்தான் பிடிக்கலாம் என்பார்கள் அவர்கள். கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டித் தெற்கு டெக்சாஸில் பின்தொடர்ந்தவர்கள் கண்டது அதையே: தன் எல்லைக்குள் ஒவ்வொரு புல்லையும் அறிந்த கயோட்டி அங்கே புதிதாகத் தோன்றும் எதையும் சந்தேகிக்கிறது, எல்லையின் ஓரத்திலும் அதற்கு அப்பாலும் எல்லாமே புதிதாகையால், அங்கே புதுமை அதை எச்சரிப்பதில்லை. மிசௌரிக் கரையில் பீலின் பெட்டியைச் சுற்றி வந்தவை, தம் வீட்டு முற்றத்தில் ஒரு இரவில் முளைத்த விநோதத்தைப் பார்த்தவையாக இருக்கக்கூடும்.

விஷத்துக்குத் தடை வந்த அதே 1972இல், மத்திய மீன், வனவிலங்கு இலாகா மேற்கு ராஜ்யங்களில் கயோட்டிகளை மதிப்பிட ஒரு வழி கண்டது. கிராமப் பாதையோரமாக ஐம்பது இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கஜ விட்டத்துக்குச் சலித்த மண்ணை வட்டமாகத் தூவி, நடுவே வாசனை ஊறிய சிறு குப்பி ஒன்றை நட்டு வைத்தார்கள். மண்ணைச் சலிக்கும் விதமும், இடத்தைத் தேரும் கண்ணும், வாசனையால் இழுக்கும் உபாயமும் பொறிக்காரருடையவை. இரும்பு மட்டும் இல்லை. பொழுது விடிந்ததும் ஒருவர் வந்து குனிந்து பார்த்து, இரவில் எந்த வட்டத்தில் எந்தப் பாதம் விழுந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டு, மண்ணை மறுபடி சமன் செய்துவிட்டு, அடுத்த வட்டத்துக்குப் போவார்.